மோட் சிப்பில் ஃபர்ம்வேர் ஏற்றும் முன்: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, பழைய விளையாட்டுக் கருவிகளில் மோட் சிப் பொருத்துவதைப் பற்றியவை. கருவி எழும் விதத்தை மாற்ற அதற்குள் ஒட்டும் கூடுதல் சிப்தான் மோட் சிப்; அதில் ஏற்றும் நிரல் ஃபர்ம்வேர். அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன். மும்பை லேமிங்டன் சாலையில் பழுதுபார்க்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில், இந்த வேலையில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி சிப் கெட்டுப்போவதால் அல்ல, கெட்டுப்போகாத சிப்பைக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவதால்தான் வீணாகிறது என்பதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் இருந்த என் மாமா தம்முடைய நின்டெண்டோ கேம்கியூப் விளையாட்டுக் கருவியை எனக்குக் கொடுத்தார். அதன் லென்ஸ் வட்டைப் படிக்க மறுக்கிறது. ராஸ்பெர்ரி பை பைகோ என்ற சிறு பலகையை மோட் சிப்பாக வைத்தால் எஸ்டி கார்டிலிருந்தே இயக்கலாம் என்று அறிந்து, ஒரு பைகோ வாங்கினேன். கணினியில் செருகியபோது எதுவுமே தோன்றவில்லை. நண்பரின் கேபிளில் செருகியதும் ஒரு டிரைவ் தோன்றியது. அதில் ஃபர்ம்வேர் கோப்பைப் போட்டேன். உடனே டிரைவ் மறைந்து, கணினி ஒரு பிழைச் செய்தியைக் காட்டியது. கடைக்காரர் சிப் எரிந்துவிட்டது என்றார். இன்னொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. இரண்டையும் தூக்கி எறிந்துவிடலாமா? (கல்லூரி மாணவர், செம்பூர்)

பதில்: எறியாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டும் நலமாகவே இருக்கின்றன. முதல் சிப்பில் ஃபர்ம்வேர் சரியாக ஏறியும் இருக்கக்கூடும்.

முதலில் கேபிள். கைபேசி சார்ஜருடன் வரும் பல கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். தரவுக்கான மற்ற இரண்டும் இருக்காது. அப்படிப்பட்ட கேபிளில் பைகோவுக்கு மின்சாரம் கிடைக்கும், ஆனால் அப்படி ஒரு பொருள் செருகப்பட்டிருப்பதே கணினிக்குத் தெரியாது. எந்தக் கேபிளில் உங்கள் கைபேசியிலிருந்து படங்களைக் கணினிக்கு மாற்ற முடிகிறதோ, அந்தக் கேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, டிரைவ் மறைந்ததைப் பற்றி. பைகோவில் இருக்கும் ஆர்பி2040 என்ற சிப்புக்குள் 16 கிலோபைட் அளவுள்ள ஒரு பூட் ரோம், அதாவது தொடக்க நிரல், தயாரிக்கும்போதே அழிக்க முடியாதபடி பதிக்கப்பட்டிருக்கிறது. பூட்செல் என்ற சிறு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேபிளைச் செருகினால், அந்த ரோம் பலகையை ஒரு பென் டிரைவைப் போலக் கணினிக்குக் காட்டுகிறது. ஆர்பிஐ-ஆர்பி2 என்ற பெயர் திரையில் வருவது அதனால்தான். யுஎஃப்2 என்ற வடிவில் வரும் ஃபர்ம்வேர் கோப்பை அதில் போட்டு, கடைசித் துண்டும் வந்து சேர்ந்தவுடன், ரோம் தன் வேலை முடிந்தது என்று பலகையை மறுதொடக்கம் செய்துவிடும். அப்போது டிரைவ் தானாக மறையும். முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கிவிட்டீர்கள் என்று சில கணினிகள் அந்த நேரத்தில் குறைகூறும். உங்களைப் பயமுறுத்திய செய்தி அதுவாகத்தான் இருக்க வேண்டும். உண்மையில் அது வேலை முடிந்ததன் அடையாளம். கோப்பைப் போட்ட பிறகும் டிரைவ் மறையாமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படி நின்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, நீங்கள் வாங்கியது பைகோ 2 ஆக இருக்கலாம். அதன் நடுவிலுள்ள கறுப்புச் சதுரத்தில் ஆர்பி2350 என்று பொறித்திருக்கும். யுஎஃப்2 கோப்பின் ஒவ்வொரு துண்டிலும் அது எந்தச் சிப் குடும்பத்துக்கு உரியது என்ற எண் எழுதப்பட்டிருப்பதால், ஆர்பி2040-க்காகச் செய்த கோப்பைப் பைகோ 2 ஏற்றுக்கொள்ளாது. அதற்கென்று செய்த தனிக் கோப்பு வேண்டும். மற்றொன்று, பதிவிறக்கம் பாதியில் நின்ற கோப்பு. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. யுஎஃப்2 கோப்பு முழுவதும் 512 பைட் துண்டுகளால் ஆனது; ஆகவே கோப்பின் அளவைப் பைட் கணக்கில் பார்த்து 512-ஆல் வகுத்தால் மீதி வரக் கூடாது. மீதி வந்தால் கோப்பு குறைபட்டது, மறுபடியும் இறக்கிக்கொள்ளுங்கள்.

சிப்பில் தவறான கோப்பே ஏறிவிட்டாலும் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஃபர்ம்வேர் போய் உட்காருவது பக்கத்திலுள்ள 2 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகத்தில். பூட் ரோம் இருப்பதோ அதற்கு எட்டாத வேறிடத்தில். பூட்செல்லை அழுத்திப் பிடித்துச் செருகினால் அதே டிரைவ் மறுபடியும் வரும். எத்தனை முறை தவறினாலும் வரும். நான் ஒருவருக்கு இதைக் காட்டுவதற்காகவே, கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கி, உடனே பொத்தானை அழுத்தி மறுபடியும் செருகி, டிரைவ் திரும்பி வந்ததைக் காண்பித்திருக்கிறேன்.

இனி கேம்கியூப்புக்குள் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். மின்சாரம் கிடைத்ததும் கருவியின் செயலி முதலில் ஒரு ரோம் சிப்பிலிருந்துதான் தொடக்க நிரலைக் கேட்டு வாங்கும். பைகோ அதே தடங்களில் ஒட்டிக்கொண்டு, அசல் ரோம் விடை சொல்ல வேண்டிய நேரத்தில் தன் விடையைச் சொல்லிவிடுகிறது. இதற்கு ஐந்தே கம்பிகள் போதும்: சமிக்ஞைக்கு மூன்று, மின்சாரத்துக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று. கம்பிகள் குட்டையாக இருக்க வேண்டும். மேசையில் பலகையை விரித்து வைத்து வேலை செய்ய வசதியாக இருக்கிறதே என்று நீளமாக விட்டால், வேகமாகத் துடிக்கும் கடிகாரச் சமிக்ஞை வழியிலேயே சிதைந்து, கருவி சில நேரம் எழும், சில நேரம் எழாது. அப்படி நடக்கும்போதும் பழி ஃபர்ம்வேரின் மேல்தான் விழுகிறது.

மூடியைத் திறக்க 4.5 மில்லிமீட்டர் கேம்பிட் திருப்புளி வேண்டும். சாதாரணத் திருப்புளியால் நெம்பாதீர்கள். சால்டர் வைக்கும் புள்ளிகள் எள்ளளவே இருக்கும். முதலில் ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தடவி, கம்பியின் முனையில் ஈயம் ஏற்றிக்கொண்டு, பிறகு முனையைப் புள்ளியில் வைத்து ஒரு நொடி மட்டும் சூடுகாட்டி எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் செப்புத் தகடு பலகையைவிட்டுப் பெயர்ந்து, கம்பியோடு கையில் வந்துவிடும். சால்டர் வேலையில் எளிதில் சரிசெய்ய முடியாத தவறு அது என்பதால், ஒரு பழைய உடைந்த பலகையில் ஒரு மாலைப்பொழுது பழகிய பிறகே மாமாவின் கருவியைத் தொடுங்கள். கருவி அமெரிக்காவிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகிவிடாமல், 12 வோல்ட், 3.25 ஆம்பியர் தரும் உள்ளூர் அடாப்டரோ, தரமான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் 2002-இல் வாங்கிய முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸ் இருக்கிறது. தனிச் சிப் வேண்டாம் என்று, பலகையில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே மாற்று பயாஸை (கருவியை எழுப்பும் தொடக்க நிரலை) எழுதினேன். பாதியில் மழையால் மின்சாரம் போய்விட்டது. இப்போது விளக்கு சிவப்பும் பச்சையுமாக மின்னுகிறதே தவிர, படம் வருவதில்லை. (கல்யாண் வாசகர்)

பதில்: செம்பூர் மாணவரின் நிலைக்கும் உங்கள் நிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். பைகோவில் எழுதும் நிரல் ஓரிடத்திலும் எழுதப்படும் நினைவகம் வேறிடத்திலும் இருக்கின்றன. நீங்களோ, கருவி எதைப் படித்து எழுந்து நிற்குமோ அதையே அழித்து எழுதினீர்கள். பாதியில் நின்றதும், அதைத் திருத்தி எழுதுவதற்குக் கூட எழ முடியாமல் கிடக்கிறது. நான் யாரிடமும் முதலில் கேட்பது, எழுதுவது தவறினால் எந்த நிரல் உங்களைக் காப்பாற்றும் என்பதைத்தான். அதற்கு விடை தெரியாமல் ஃபிளாஷ் செய்யத் தொடங்கக் கூடாது.

நல்ல வேளையாக, எக்ஸ்பாக்ஸில் ஒரு பின்வாசல் உண்டு. பலகையிலுள்ள எல்பிசி என்ற இணைப்பில் ஒரு மோட் சிப்பைப் பொருத்தி, டி0 என்ற புள்ளியைக் கிரவுண்டில் இணைத்தால், கருவி தன் ஃபிளாஷைப் படிக்காமல் அந்தச் சிப்பிலிருந்து எழும். எழுந்த பிறகு பழுதான ஃபிளாஷை மறுபடியும் எழுதலாம். எழுதுவதற்கு முன் கருவியின் பதிப்பை உறுதிசெய்யுங்கள்: 1.0, 1.1 பதிப்புகளில் அந்த நினைவகம் 1 மெகாபைட், 1.2 முதல் 1.5 வரை 256 கிலோபைட் மட்டுமே. பெரிய கோப்பைச் சிறிய நினைவகத்தில் எழுத முயன்றால் இதே நிலைக்குத் திரும்பிவிடுவீர்கள். இம்முறை கருவியை ஒரு யுபிஎஸ்ஸில் இணைத்து எழுதுங்கள்.

பலகை திறந்திருக்கும்போதே கடிகாரத்துக்கான உருண்டை கெப்பாசிட்டரையும் பாருங்கள். 1.6-க்கு முந்திய பதிப்புகளில் அது கசிந்து, சுற்றியுள்ள தடங்களை அரிக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் அதை விட்டுவைக்க எனக்கு மனம் வராது. கழற்றிவிடுங்கள், மின்சாரத்தைத் துண்டிக்கும்போதெல்லாம் நேரம் மறந்துபோகும் என்பதைத் தவிர வேறு இழப்பில்லை.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் சால்டரிங் அயர்ன் வாங்கிக்கொண்டு இந்த வேலையில் இறங்கியிருக்கிறான். இது சட்டப்படி குற்றமா என்று பயமாக இருக்கிறது. (மாட்டுங்கா வாசகி)

பதில்: நீங்கள் கேட்டது நல்லதாயிற்று, அம்மா. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 65ஏ என்ற பிரிவு சேர்ந்தது. படைப்பைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்க அது இடம்தருகிறது. நோக்கம் என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. தான் எழுதிய நிரலை இயக்குவதும், விலை கொடுத்து வாங்காத விளையாட்டை இறக்கி ஆடுவதும் ஒன்றாகாது. முறைப்படி கையில் உள்ள கணினி நிரலுக்கு, அது அழிந்துவிடாமல் இருக்கக் காப்புப் படி எடுப்பதைப் பிரிவு 52 அனுமதிக்கிறது. அந்தப் படியைப் பிறருக்கு விற்பதையோ கொடுப்பதையோ அனுமதிக்கவில்லை. மகனிடம் இதைச் சட்டமாகவே சொல்லிவையுங்கள். அந்த வயதுப் பிள்ளைகள் காரணத்தோடு சொன்னால் கேட்கிறார்கள். வேலை செய்யும்போது சன்னலைத் திறந்து வைக்கவும், ஈயம் தொட்ட கையைச் சோப்பால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காரவும் பழக்குங்கள்.

கேள்வி: பைகோவைக் கேம்கியூப்புக்குள் பொருத்தி மூடிய பிறகு, புதிய ஃபர்ம்வேர் வந்தால் யுஎஸ்பி கேபிளைச் செருகி அப்படியே ஏற்றலாமா? (டோம்பிவிலி வாசகர்)

பதில்: இப்போதுள்ள இணைப்பில் வேண்டாம். யுஎஸ்பியின் 5 வோல்ட், பைகோவில் உள்ள டையோடை (மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் உறுப்பை) கடந்து, பலகையின் மின்சாரம் நுழையும் விசிஸ் (VSYS) என்ற முனைக்கு வந்துவிடும். அந்த முனையைக் கருவியின் 3.3 வோல்ட் தடத்தோடு நேராக இணைத்திருந்தால், தாங்க முடியாத மின்னழுத்தம் அங்கிருந்து பலகை முழுவதும் பரவும். கருவியின் மின்சுவிட்சை அணைத்திருந்தாலும் இது நடக்கும். கருவியிலிருந்து பைகோவுக்கு வரும் மின்கம்பியின் நடுவே 1என்5817 என்ற ஷாட்கி டையோடு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அதன் வெள்ளிக்கோடு பைகோவின் பக்கம் பார்க்க வேண்டும். அதில் ஏறத்தாழ 0.3 வோல்ட் குறையும், 1.8 வோல்ட் வரை குறைந்தாலும் வேலை செய்யும் பைகோவுக்கு அது பொருட்டல்ல. டையோடு சேர்க்கும்வரை, அந்த ஒரு கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் கேபிளைச் செருக வேண்டும்.