பேலட்டில் ஏறும் காற்றுக்கும் வாடகை உண்டு

கேள்வி: நியூஜெர்சியிலிருந்து டல்லாஸுக்கு எல்.டி.எல். லாரியில் (பலருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றும் லாரி) ஒரு பேலட் (சரக்கு அடுக்கும் கட்டைத் தட்டு) எவர்சில்வர் பாத்திரம் அனுப்பினோம். 48-க்கு 40 அங்குல பேலட், பெட்டிகளின் உயரம் 43 அங்குலம், பேலட்டோடு சேர்த்து எடை 400 பவுண்டு. அடர்த்தியைக் கணக்கிட்டு கிளாஸ் (சரக்குக் கட்டண வகுப்பு) 100 என்று எழுதினோம். இப்போது லாரி கம்பெனிக்காரர்கள் 125 என்று மாற்றிக் கூடுதல் பில் அனுப்பியிருக்கிறார்கள். எடை ஒரு பவுண்டுகூட மாறவில்லையே?

பதில்: எடை சரி. உயரத்தில் கோட்டை விட்டுவிட்டீர்கள். பேலட் கட்டையின் 5 அங்குலமும் கணக்கில் சேரும். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 1,728-ஆல் வகுத்தால் கன அடி வரும். உங்கள் கணக்குப்படி 47.8 கன அடி. ஒரு கன அடிக்கு 8.4 பவுண்டு. உண்மையான உயரமான 48 அங்குலத்தைப் போட்டால் 53.3 கன அடி, அடர்த்தி 7.5-க்கு இறங்கிவிடுகிறது. 8 முதல் 10-க்குள் இருந்தால்தான் கிளாஸ் 100. 6 முதல் 8-க்குள் என்றால் 125. கிளாஸ் எண் ஏற ஏற, 100 பவுண்டுக்கான ரேட்டும் ஏறும்.

முன்பு பொருளின் பெயரைப் பார்த்தே கிளாஸ் முடிவான சரக்குகள் நிறைய இருந்தன. 2025 ஜூலையில் என்.எம்.எஃப்.சி. பட்டியலை (அமெரிக்காவில் லாரி சரக்குக்கு கிளாஸ் குறிக்கும் பட்டியல்) திருத்தி, அவற்றில் பலவற்றை அடர்த்திக் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே பழைய பில்லைப் பார்த்து கிளாஸ் எழுதாதீர்கள்.

உங்கள் சரக்குக்கு ஒரு வசதி உண்டு. குண்டான்களைத் தனித்தனிப் பெட்டியில் போட்டால் உள்ளே இருக்கும் காற்றுக்கும் வாடகை கட்டுகிறீர்கள். நடுவில் தாள் வைத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள். மொத்த உயரம் 36 அங்குலமானால் அடர்த்தி சரியாக 10, கிளாஸ் 92.5. ஆனால் எல்லைக்கோட்டில் நிற்பது ஆபத்து, ஓர் அங்குலம் கூடினாலும் மறுபடி 100தான். 35-க்குள் முடித்துவிடுங்கள்.

மேல் வரிசையை அரைகுறையாக விடவும் கூடாது. ஒரே ஒரு பெட்டி துருத்திக்கொண்டு நின்றாலும் முழு பேலட்டுக்கும் அந்த உயரம்தான். ஓரத்தில் பிதுங்கும் பெட்டிக்கும் இதே கதி: நாலு பக்கமும் 2 அங்குலம் வெளியே வந்தால் 52-க்கு 44 ஆகிவிடும். அப்போது 36 அங்குல உயரத்திலும் அடர்த்தி 8.4தான்.

கேள்வி: கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: இந்த பில்லுக்குக் கேட்டுப் பயனில்லை, அவர்கள் அளந்தது சரி. அடுத்த முறை பேலட்டைச் சுற்றி பிளாஸ்டிக் உறை இழுத்துக் கட்டிய பிறகு அளந்து, டேப் தெரியும்படி மூன்று பக்கமும் படம் எடுங்கள். எடைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பில் ஆஃப் லேடிங்கில் (லாரி கம்பெனியிடம் சரக்கோடு தரும் ஆவணம்) கிளாஸோடு அளவுகளையும் என்.எம்.எஃப்.சி. எண்ணையும் எழுதுங்கள். பிறகும் திருத்தினால், அவர்களின் ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கி உங்கள் அளவோடு ஒப்பிடுங்கள். வேண்டுமென்றே கிளாஸைக் குறைத்து எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றும். கிடங்கில் பேலட்டை அளப்பது லேசர் கருவி, அதனிடம் பேரம் பேச முடியாது.