வாசகருக்கு வேண்டிய நூலை நூலகர் எப்படிக் கண்டுபிடித்துத் தருகிறார்?

நூலகத்தில் இதற்கு உசாத்துணைச் சேவை என்று பெயர். வாசகரின் தேவை என்ன என்பதைப் பேசித் தெரிந்துகொண்டு, அதற்குப் பொருத்தமான நூலையோ இதழையோ தரவுத்தளத்தையோ காட்டுவதுதான் அது.

பேச்சு எதற்கு? தெரியாத ஒன்றைத் தேடுகிறவருக்கு அதைச் சரியாகக் கேட்கவும் தெரியாது. அதனால் கேள்வி பெரும்பாலும் பொதுவாகவே வரும். "மருத்துவ நூல்கள் எங்கே?" என்று ஒருவர் கேட்கிறார். கையை நீட்டி அலமாரியைக் காட்டிவிடலாம். ஆனால் நல்ல நூலகர் அப்படிச் செய்வதில்லை. "எதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், என்ன சமைத்துத் தருவது என்று தெரியவில்லை என்ற பதில் மெல்ல வருகிறது. நூல்களைப் பொருள்வாரியாக எண்களால் பிரிக்கும் டூயி வகைப்பாட்டில் நோய்கள் 616இல், சமையல் 641.5இல். அலமாரியை மட்டும் காட்டியிருந்தால் வாசகர் தவறான இடத்தில் மணிக்கணக்கில் நின்றிருப்பார்! தையற்காரர் துணியை வெட்டும் முன் அளவெடுப்பதைப் போன்றதுதான் இந்தக் கேள்விகளும்.

இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. என்னைக் கேட்டால், நூலகரின் வேலைக்கு இதைவிட நேர்த்தியான வரையறை இல்லை. நூல் அங்கே இல்லாவிட்டால் பல நூலகங்கள் வேறு நூலகத்திலிருந்து இரவல் பெற்றும் தருகின்றன.

நூலகரிடம் கேட்டால் அவருக்குத் தொந்தரவு என்று பலர் தயங்குகிறார்கள். உண்மையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவருடைய முதன்மையான பணிகளில் ஒன்று.