மாசி மாதத்து விமானங்கள்

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூருக்குப் பக்கத்து ரவாங்கிலிருந்து எழுதுகிறேன். என் பாட்டிக்கு 88 வயது, இங்கே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவர். “அப்பாவைச் சயாமுக்கு (தாய்லாந்துக்கு) பிடித்துக்கொண்டு போன பிறகு, ஒரு மாசி மாசம், வெள்ளிவெள்ளியாய் விமானம் வந்து கோலாலம்பூரில் குண்டு போட்டது” என்பார். ஜப்பானியர் 1941 டிசம்பரில் வந்து ஜனவரி 11இல் கோலாலம்பூரைப் பிடித்துவிட்டார்கள். அப்புறம் மாசியில் ஏது குண்டு? பாட்டியிடம் இதை விளக்கினேன். அதிலிருந்து அவர் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இத்தனை பிழையுள்ள நினைவை வைத்து நாவல் எழுதலாமா?

அன்புள்ள தம்பி,

நாவல் இருக்கட்டும். பாட்டி சொன்னது சரி. நீங்கள்தான் தப்பு.

மலாயா மீது குண்டு விழுந்தது ஒரு முறை மட்டும் அல்ல. 1941இல் ஜப்பான்காரன் போட்டான். 1945இல் அவனை விரட்ட அமெரிக்கர்கள் போட்டார்கள். பி-29 விமானங்கள் வங்காளத்திலிருந்து கிளம்பி, 1945 பிப்ரவரி பிற்பாதியிலும் மார்ச் 10இலும் கோலாலம்பூர் ரயில்வே பட்டறைகளைத் தாக்கின. மார்ச்சில் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியும் இடிந்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள், இரண்டும் மாசியில்தான் வரும். அந்த விமானங்களுக்குப் பெயின்ட் கிடையாது, வெறும் உலோகம். வெயிலில் வெள்ளியாகத்தான் தெரியும்.

இதையெல்லாம் தேடக்கூட வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ஜப்பான்காரன் பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதை வேலை தொடங்கியது 1942இல். தோட்டத்துத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போனது பெரும்பாலும் 1943இல். அப்பா போன பிறகு வந்த விமானம் 1941இல் எப்படி வந்திருக்கும்? எட்டு வயதுப் பெண் எதை வைத்துக் காலத்தைக் கணக்கிடுவாள்? அப்பா இருந்தபோது, அப்பா போன பிறகு. அந்தக் கணக்கு தப்பவில்லை. இணையத்தில் இரண்டு தேதியைப் படித்துவிட்டு, அதை வாழ்ந்தவரின் வாயை அடைத்திருக்கிறீர்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

என் அம்மா பார்த்தது முதல் குண்டுவீச்சை. பேராக் மாநிலத்தில் தாப்பா பக்கம், பெரிய ரோட்டை ஒட்டிய தோட்டம். பின்வாங்கிய பிரிட்டிஷ் லாரிகளைத் தேடி விமானங்கள் பால்மர உயரத்துக்கு இறங்கினவாம். எல்லோரும் செடிக்காட்டுக்குள் ஓட, அம்மாச்சி மட்டும் லயத்துக்குத் திரும்பி ஓடியிருக்கிறார். கொடியில் தாத்தாவின் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் வெள்ளை தெரியும், லயத்தில் குண்டு போடுவான் என்று பயம். வேட்டியை உருவிச் சுருட்டிக்கொண்டு வந்த பிறகுதான் அம்மாவைத் தூக்கினாராம். “துணியைத்தான் முதல்ல எடுத்தாங்க” என்று அம்மா சாகும்வரை சொன்னார். பல குடும்பங்களைக் காப்பாற்றத்தான் அம்மாச்சி ஓடினார் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தோம். ஆறு வயதில் வாசலில் தனியாக நின்றவருக்கு அந்த நியாயம் ஏறவே இல்லை.

எந்த ஆவணம் இதைச் சொல்லும்? அன்றைய போர்க்கதை என்றால் நம் ஆட்கள் சயாமைப் பேசுவார்கள். பேசத்தான் வேண்டும், செத்தவர்கள் அத்தனை பேர். ஆனால் ஆம்பிளை இல்லாத லயங்களில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, இது யார் விமானம் என்றே தெரியாமல் அண்ணாந்து பார்த்த பிள்ளைகளை யார் கேட்டோம்? அவர்களில் மிச்சமிருக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார்.

நாவலா, கட்டுரையா என்று பிறகு பார்க்கலாம். முதலில் பாட்டியிடம் போய், மாசி சரிதான் ஆச்சி, எனக்குத்தான் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அப்புறம் விமானத்தைக் கேட்காதீர்கள். எங்கே ஒளிந்தீர்கள், பக்கத்தில் யார், அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். உடனே போனில் பதிவு செய்ய ஆரம்பிக்காதீர்கள். திரும்ப அவர் பேச வர நாலு நாள் ஆகலாம்.