வெட்டு விழும் இடம்: ஆர்.என்.ஏ. கேள்வி–பதில்

என் தம்பிக்கு என் மகளைக் கொடுப்பதாகப் பேச்சு. தம்பியின் ரத்தப் பரிசோதனையில் ‘பீட்டா தலசீமியா கேரியர், ஐ.வி.எஸ். 1-5, ஜி > சி’ என்று வந்திருக்கிறது. ‘ஆர்.என்.ஏ. வெட்டப்படும் இடத்தில் கோளாறு’ என்றார் டாக்டர். ஆள் திடமாகத்தான் இருக்கிறான். சம்பந்தத்தை நிறுத்த வேண்டுமா?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

நாள் குறிப்பதற்கு முன்னால் மகளின் ரத்தத்தைப் பார்த்துவிடுங்கள். முடிவு அதில்தான் இருக்கிறது.

டாக்டர் சொன்னதை விளக்குகிறோம். தலசீமியா என்பது ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை ரத்த நோய். கேரியர் என்றால் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் பிழை உள்ளவர். ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா குளோபின் புரதத்துக்கான மரபணுவை, செல் முதலில் ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கும். அந்த நகலில் இடையிடையே வேண்டாத பகுதிகள் இருக்கும். அவற்றை வெட்டியெறிந்து மீதியை ஒட்டிய பிறகுதான் புரதம் உருவாகும். முதல் வேண்டாத பகுதி (அறிக்கையில் ‘ஐ.வி.எஸ். 1’) 130 எழுத்து நீளம்; மரபணுவில் படித்தால் ஜி-டி-டி-ஜி-ஜி-டி என்று தொடங்கும். யு1 என்ற இன்னொரு சிறிய ஆர்.என்.ஏ. அந்த இடத்தில் பொருந்தி உட்கார்ந்துதான் வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டுகிறது. உங்கள் தம்பிக்கு இரண்டு பிரதிகளில் ஒன்றில் ஐந்தாவது எழுத்து ஜி, சி ஆகிவிட்டது. யு1-இன் பிடி தளர்ந்து, வெட்டு 16 அல்லது 38 எழுத்து முன்னாலோ, 13 எழுத்து பின்னாலோ தப்பிப் போய் விழுகிறது. சரியாக வெட்டுப்படுவது கொஞ்சம்தான். இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிக அதிகமாகக் காரணமாவது இந்த ஒற்றை எழுத்து. இன்னொரு பிரதி நன்றாக இருப்பதால்தான் தம்பி திடமாக இருக்கிறார்.

அவருக்கு இது உங்கள் அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும். அப்படியானால் உங்களுக்கு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. உங்கள் மகளுக்கு நான்கில் ஒன்று. அசலில் பெண் எடுத்தால் வாய்ப்பு இவ்வளவு இருக்காது.

மகளுக்கு முழு ரத்த அணு எண்ணிக்கையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி.யும் பாருங்கள். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 80-க்கும் எம்.சி.ஹெச். (ஒரு சிவப்பணுவில் உள்ள சராசரி ஹீமோகுளோபின்) 27-க்கும் கீழே என்றால் சந்தேகம், ஹெச்.பி. ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் கேரியர். பலர் ஏமாறுவது இங்கேதான்: இரும்புச் சத்து குறைந்திருந்தால் ஏ2 கீழே இறங்கி, கேரியருக்கும் ‘நார்மல்’ என்று வந்துவிடும். அதனால் உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள். தம்பியின் பிழை எதுவென்று தெரிந்திருப்பதால், அந்த ஓர் எழுத்தை மகளின் டி.என்.ஏ.வில் பார்க்கச் சொல்லலாம். அதற்காக ஹெச்.பி.எல்.சி.யை விட்டுவிடாதீர்கள், தகப்பன் வழியில் ஹீமோகுளோபின் ஈ, எஸ் என்ற பிழையான வகைகள் வந்திருந்தால் அதில்தான் தெரியும்.

மகளுக்கு எதுவும் இல்லையென்றால் பிள்ளைகளுக்குத் தலசீமியா மேஜர் (இரண்டு பிரதியிலும் பிழை இருந்தால் வரும் கடுமையான வகை) வராது. நெருங்கிய உறவால் வரக்கூடிய மற்ற நோய்கள் வேறு கணக்கு. மரபியல் ஆலோசகரிடம் கேளுங்கள். மகளும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு மேஜர் வர 25 சதவீதம் ஆபத்து. அப்படி வந்த குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, காலம் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அப்படியும் கல்யாணம் நடந்தால், 11 முதல் 13-ஆம் வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்த்தாக வேண்டும். பெண்ணின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிடாதீர்கள், அம்மா. பிழை இரு பக்கமும் இருந்தால்தான் இந்த நோய் வரும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தப் பரிசோதனையில் புற்றுநோய் முன்பே தெரிந்துவிடுமாமே, செய்துகொள்ளட்டுமா?
– வாசகர், ஏற்காடு

இப்போது வேண்டாம். விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 1993-இல் புழுவில் கண்டறிந்து, 2024-இல் நோபல் பெற்ற அருமையான விஷயம் இது. சுமார் 22 எழுத்துள்ள இந்தத் துணுக்குகள் மற்ற ஆர்.என்.ஏ.க்களை அடக்கி வைக்கின்றன. ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் 15, 16 என்ற எண்ணுள்ளவை தொலைந்துபோவதும் உண்மை. ஆனால் அந்த 16-ஆம் எண் துணுக்கு சிவப்பணுக்களுக்குள் ஏராளம். ரத்தம் எடுக்கும்போது கொஞ்சம் அணு உடைந்தாலே அளவு ஏறி, முடிவு ஏமாற்றிவிடும். வாய், மார்பகம், கருப்பைவாய் பரிசோதனைகளை முதலில் செய்துகொள்ளுங்கள்.

ஏற்காட்டில் எடுத்த ரத்தத்தைச் சேலம் கொண்டுவந்து ஆர்.என்.ஏ. பிரிக்கிறோம். ஜெல்லில் பட்டைக்குப் பதில் கீழே படலம்தான் தெரிகிறது. ஏன்?
– முதுகலை மாணவி, கருப்பூர்

ஆர்.என்.ஏ. வழியிலேயே சிதைந்துவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்வரை ரத்தத்தை அப்படியே வைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க இ.டி.டி.ஏ. குழாயில் எடுங்கள், இன்னொரு உறைவுத் தடுப்பான ஹெப்பாரின் பி.சி.ஆரைக் (நகல் பெருக்கும் சோதனையை) கெடுக்கும். எடுத்த இடத்திலேயே 0.25 மி.லி. ரத்தத்துக்கு 0.75 மி.லி. டிரைசால் எல்.எஸ். (ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும் ரசாயனக் கரைசல்) கலந்து, திருகுமூடிக் குழாயில் அடைத்து, இரட்டைப் பையில் போட்டு ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள்.

ஆய்வகத்தில் 0.2 மி.லி. குளோரோஃபார்ம் சேர்த்து, 4 டிகிரியில் 12,000 ஜி (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு) விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். ஆர்.என்.ஏ. இருக்கும், மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் எடுங்கள். ஆசைப்பட்டு நடுவிலுள்ள வெள்ளைப் படலம் வரை உறிஞ்சினால் டி.என்.ஏ.வும் புரதமும் கூட வந்துவிடும். பிறகு 0.5 மி.லி. ஐசோபுரோப்பனால், அடுத்து 75 சதவீத எத்தனால் கழுவல். அடியில் படிந்ததை முழுக்கக் காயவிட்டால் திரும்பக் கரையாது. தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 2.0-ஐ ஒட்டி இருக்கட்டும். ஜெல்லில் ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களான 28எஸ் பட்டை 18எஸ் பட்டையைப் போல இரு மடங்கு பளிச்சென்று தெரிந்தால் ஆர்.என்.ஏ. முழுசாக இருக்கிறது.

நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை மட்டும் நம்பாதீர்கள். ஆர்.என்.ஏ.வை நறுக்கும் ஆர்.என்.ஏஸ் நொதியை நான்கு கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால், கொதிக்கவைத்தாலும் ஆறியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். உங்கள் விரலிலும் அது உண்டு; கதவையோ செல்போனையோ தொட்டால் கையுறையை மாற்றுங்கள். டிரைசால் சிந்தினால் பிளீச்சிங் திரவம் ஊற்றிவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும்.