யெஸ்: எந்த ஆல்பம் முதலில்?

அன்புள்ள சார்,

ஜோஜோ அனிமே தொடரின் முடிவில் வரும் ‘ரவுண்டபவுட்’ பாட்டு மூலமாகத்தான் யெஸ் குழு எனக்கு அறிமுகம். ஆறு மாதமாக வேறு எதையும் கேட்கவில்லை. யெஸ் ஆல்பங்களை வரிசைப்படுத்தி நீங்கள் எழுதிய குறிப்பில் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ முதலிடம், ‘ரிலேயர்’ இரண்டாமிடம். சரி. ஆனால் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ ஆறாவது இடத்தில் இருந்தது வருத்தமாக இருந்தது. நம் சாஸ்திரங்களை வைத்து ஓர் ஆங்கிலேய ராக் குழு எண்பது நிமிடம் இசையமைத்திருக்கிறது. அதற்காகவாவது மேலே வைத்திருக்கக் கூடாதா? இசைக்கு ரேங்க் போடுவதே சரியா என்றும் ஒரு சந்தேகம்.

ச., கோவை

அன்புள்ள ச.,

ரேங்க் போட உட்கார்ந்தால்தான் ஒவ்வொரு ஆல்பத்தையும் முதலிலிருந்து கடைசிவரை மறுபடி கேட்கிறோம். ஏன் பிடித்தது என்று நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டி வருகிறது. அதற்காகவே நான் வரிசை போடுகிறேன். உங்கள் கடிதம் வந்ததும் ஒரு வாரம் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டேன்.

யெஸ் விஷயத்தில் நான் பார்ப்பது ஒன்றைத்தான். இருபது நிமிடப் பாட்டு என்றால், அந்த இருபது நிமிடம் தேவைப்பட்டது பாட்டுக்கா, அல்லது வேறு எதற்காகவாவதா?

‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ 1972 செப்டம்பரில் வந்தது. மொத்தமே மூன்று பாடல்கள். தலைப்புப் பாட்டு கிட்டத்தட்ட பத்தொன்பது நிமிடம். பறவைச் சத்தம், தண்ணீர்ச் சத்தம் என்று மெல்லத் தொடங்கும். திடீரென்று குழு மொத்தமும் பாய்ந்து வரும். ஸ்டீவ் ஹோவின் கிதார் ஒரு பக்கம், கிறிஸ் ஸ்கொயரின் பேஸ் ஒரு பக்கம், பில் ப்ரூஃபோர்டின் டிரம்ஸ் இன்னொரு பக்கம் ஓடும். ஓட்டத்தின் நடுவே சட்டென்று எல்லாரும் நிற்பார்கள். அந்த இடைவெளியில் குரல்கள் மட்டும் ‘ஆ’ என்று எழும். உடனே மறுபடி பாய்ச்சல். வரிகள் பாடத் தொடங்கவே மூன்று நிமிடத்துக்கு மேலாகிவிடும். ஆனாலும் ஒரு நொடிகூட எடுக்க முடியாது. இந்தக் கலவரத்தைக் கேட்ட காதுக்குத்தான் நடுவில் எல்லாம் அடங்கி, இரண்டு குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பாடும்போது அந்த அமைதி புரியும். பிறகு குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் வாசிக்கும் தேவாலய ஆர்கன் வரும். லண்டனில் உள்ள செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தின் ஆர்கன் அது. முதலில் கேட்ட மெட்டு கடைசியில் திரும்பி வரும்போது நமக்கு அது வேறு பாட்டாகக் கேட்கிறது. கடைசியில் மறுபடி அதே பறவைகள், அதே தண்ணீர்.

இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் அது இங்கேயே இருக்கிறது, கவனித்தீர்களா? குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சன் இந்தப் பாட்டுக்கான வரிகளை ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவலின் பாதிப்பில் எழுதினார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஆற்றின் குரலைக் கேட்கும் மனிதனின் கதை. அந்த நாவல் தெரியாதவருக்கும் தண்ணீர் காதில் விழுகிறது. படித்ததை ஜீரணித்துப் பாட்டாக்கியிருக்கிறார்கள்.

‘டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ கதை வேறு. 1973-இல் டோக்கியோவில் ஒரு ஹோட்டல் அறையில், யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ நூலில் ஓர் அடிக்குறிப்பை ஆண்டர்சன் படிக்கிறார். சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நால்வகை சாஸ்திரங்கள். இரட்டை எல்பி-க்கு, அதாவது இரண்டு இசைத்தட்டுக்கு, நான்கு பக்கங்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு இருபது நிமிடம். மெட்டு பிறக்கும் முன்பே அளவு முடிவாகிவிட்டது. என் குறை இதுதான். அந்த நூல்களுக்குள்ளும் பாடல்கள் போகவில்லை. ஸ்மிருதி என்ற சொல் ஆல்பத்தின் உறையில் ‘சுரிடிஸ்’ என்று அச்சாகியிருக்கிறது. நம் சாஸ்திரத்தின் பெயர் இருப்பதற்காக ஒரு ஆல்பத்தை உயர்த்தினால் இசையைக் கேட்காமல் இருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

ஆனால் அதை ஒதுக்கவும் மனம் வரவில்லை. முதல் பக்கத்தில் மந்திரம் ஓதுவதுபோல் அடுக்கடுக்காக வரும் அந்தப் பாடும் முறை, மூன்றாம் பக்கக் கடைசியில் ஹோ தனியாக வாசிக்கும் நைலான் கிதார், இவை யெஸ் செய்த மிக அழகான விஷயங்களில் சேரும். ஒற்றை எல்பியாக வந்திருந்தால் முதல் மூன்றுக்குள் வைத்திருப்பேன். வேக்மனும், ஒரு எல்பி-க்கு அதிகம், இரண்டுக்குப் போதாது என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். 1974-இல் குழுவை விட்டே போய்விட்டார்.

அவர் இடத்துக்கு பாட்ரிக் மொராஸ் வந்து செய்த ‘ரிலேயர்’ எனக்கு உயிர். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை மனதில் வைத்து இருபத்திரண்டு நிமிடத்தில் ஒரு போர். பழைய கார் பாகங்களைத் தட்டி எழுப்பிய ஓசைகூட அதில் இருக்கிறது. அந்த இரைச்சலைத் தாங்கிக் கடந்தவருக்குத்தான் கடைசியில் வரும் அமைதியான பாட்டு கிடைக்கும். ‘ஃப்ராஜைல்’, ‘தி யெஸ் ஆல்பம்’ இரண்டும் நல்ல பாடல்களின் தொகுப்பு. நான்காவது, ஐந்தாவது இடம் அவற்றுக்கு. எண்பதுகளின் ‘90125’ நல்ல பாப் ஆல்பம்தான். அதை இவற்றோடு ஒப்பிட எனக்கு விருப்பமில்லை.

ஒரு மாற்றம் மட்டும் செய்கிறேன். மூன்றாவதாக வைத்திருந்த ‘கோயிங் ஃபார் தி ஒன்’ (1977) இனி இரண்டாவது, ‘ரிலேயர்’ மூன்றாவது. காரணம் ‘கோயிங் ஃபார் தி ஒன்’ ஆல்பத்திலுள்ள ‘அவேக்கன்’ பாட்டு. பதினைந்து நிமிடம். ஸ்விட்சர்லாந்தின் மோன்ட்ரோவில் ஒலிப்பதிவு நடந்தது. திரும்பி வந்திருந்த வேக்மன் பக்கத்து ஊரான வெவேயின் தேவாலயத்தில் உட்கார்ந்து ஆர்கன் வாசிக்க, அது தொலைபேசிக் கம்பி வழியாக ஸ்டூடியோவுக்கு வந்து பதிவானது. அங்கே அவர் தனியாக, இங்கே மற்றவர்கள் சேர்ந்து. நடுவில் எல்லாம் ஓய்ந்து, ப்ரூஃபோர்டுக்குப் பின் வந்த டிரம்மர் ஆலன் வொயிட்டின் மணியோசையும் ஆண்டர்சனின் ஹார்ப்பும் மட்டும் சொட்டுச் சொட்டாக விழும். அதன் அடியில் ஆர்கன் மெல்ல எழும். எழுகிறது என்று தெரிவதற்குள் அறை முழுக்க நிரம்பிவிடும். இந்த வாரம் மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் கண் கலங்கியது. நல்ல ஹெட்ஃபோன் போட்டு, இரவில், பாதியில் நிறுத்தாமல் கேட்டுப்பாருங்கள். கேட்டுவிட்டு உங்கள் வரிசையை எழுதி அனுப்புங்கள்.