ஆசிரியர்கள் தங்கள் தொழில்சார் கற்றலுக்குப் பொட்காஸ்ட்டை எப்படிப் பயன்படுத்தலாம்?

பொட்காஸ்ட் என்பது போனில் இறக்கிவைத்து, வேண்டிய நேரத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்கக்கூடிய தொடர் ஒலி நிகழ்ச்சி. கற்பித்தல் பற்றிய பொட்காஸ்ட் ஆசிரியருக்குத் தோதானது, கை வேலையாக இருக்கும்போதும் காது சும்மா இருப்பதால்தான். கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டே ஒன்றைக் கேட்டுவிடலாம். முதல்நாள் இரவே வைஃபையில் இறக்கிவிடுங்கள்; 64 கேபிபிஎஸ் (செக்கனுக்கு 64 கிலோபிட்) தர ஒலியில் 30 நிமிடம் ஏறத்தாழ 14 எம்பிதான்.

சிக்கல் கேட்டது மனதில் நிற்பதில்தான். பயன்படுத்தாவிட்டால் சில நாளில் மங்கிவிடும். பிட்டுக்கு மா குழைப்பது மாதிரி: தண்ணீர் அளவை அம்மா சொல்லக் கேட்கலாம், பதம் விரலுக்குத்தான் பிடிபடும்.

ஆகவே பொட்காஸ்ட்டின் ஒரு அத்தியாயத்திலிருந்து ஒரு உத்தியை எடுத்துச் செய்தால் போதும். உதாரணமாக, கேள்வி கேட்டபின் காத்திருக்கும் நேரம். ஆசிரியர்கள் பொதுவாக 1 செக்கன் அளவே பொறுக்கிறார்கள், 3 செக்கன் பொறுத்தால் மாணவர் பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். தரம் 8 விஞ்ஞானத்தில் ஒரே ஒரு பாடவேளை செய்துபாருங்கள். வகுப்பு மௌனமாகும், உங்களுக்கே அந்தரமாக இருக்கும்; அங்கேதான் பலர் விடையைத் தாங்களே சொல்லிக் கெடுத்துவிடுகிறார்கள். புதிதாகக் கை உயர்த்தியது யார் என்று இடைவேளையில் கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள்.

1.5 மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கலாமா? செய்திக்குச் சரி, கற்பித்தல் பொட்காஸ்ட்டுக்கு வேண்டாம்.

பொட்காஸ்ட் இருந்தால் செயலமர்வு தேவையில்லை என்று சிலர் நினைப்பது தவறு: உங்கள் பாடத்தைப் பார்த்துத் திருத்த, சக ஆசிரியர் ஒருவர் கடைசி வாங்கில் வந்து உட்காரத்தான் வேண்டும்.