அந்தத் திருப்திக் கணக்கை நம்பி ஃபிளாட்டை அடமானம் வைக்காதீர்கள்

டோம்பிவிலியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் மாட்டுங்காவில் பி.எஸ்சி. புள்ளியியல், கடைசி ஆண்டு. பெரியப்பா வீட்டில் ஒரு பிரசுரத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம், ஓராண்டு எம்.எஸ்சி., பிசினஸ் அனலிட்டிக்ஸ். அட்டையிலேயே கொட்டை எழுத்தில் 'எங்கள் மாணவர்களில் பத்தில் ஒன்பது பேர் திருப்தி'. பெரியப்பா மகன் மான்செஸ்டரில் இருப்பதால் அந்தக் குடும்பத்தின் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு இல்லை. எல்லாம் சேர்த்து 35 லட்சம் ஆகும். அப்பா ஓய்வு பெற இன்னும் நாலு வருடம். ஃபிளாட் பத்திரத்தைக் கொடுத்தால் வங்கி கடன் தரத் தயார். "ஒன்பது பேர் நல்லா இருக்குன்னு சொல்ற இடம்தானே சார், அனுப்பிடலாமா?" என்று கேட்கிறார். மகள் எதுவும் சொல்லவில்லையாம். தன் கல்லூரி புராஜெக்ட்டை மட்டும் எனக்கு அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

கவலைப்படாதீர்கள் அம்மா, மகளுக்கு மார்க் நன்றாகவே இருக்கிறது. ஆறுதல் இவ்வளவுதான். மற்றதெல்லாம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

அந்தப் பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'என்.எஸ்.எஸ். 2022' என்று போட்டிருக்கிறது. நம் ஊர் கல்லூரிகளில் மரம் நடும் என்.எஸ்.எஸ். இல்லை இது. பிரிட்டனில் 2005 முதல் நடக்கும் நேஷனல் ஸ்டூடன்ட் சர்வே. இதில் கேள்வி கேட்கப்படுவது இளநிலைப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு மாணவர்களிடம். முதுநிலைக்காரர் ஒருவரும் அந்தக் கணக்கில் கிடையாது. அதாவது, அந்த ஒன்பது பேரில் உங்கள் மகள் சேரப்போகும் வகுப்பில் உட்கார்ந்தவர் ஒருவர்கூட இல்லை. அது ஏன் இவ்வளவு பழைய 2022 கணக்கு? 'மொத்தத்தில் திருப்தியா' என்ற கேள்வியையே 2023-இல் இங்கிலாந்துக்கு மட்டும் எடுத்துவிட்டார்கள். பிரசுரம் அச்சடிக்கிறவர்களுக்குப் பழைய எண்ணை விட மனசு வரவில்லை போல.

சரி, முதுநிலை மாணவர்களைக் கேட்கவே மாட்டார்களா? கேட்கிறார்கள். அதற்கென்று பி.டி.இ.எஸ். என்று தனி சர்வே 2009 முதல் நடக்கிறது. அட்வான்ஸ் ஹெச்.இ. என்ற அமைப்பு நடத்துகிறது. பாடம் நடத்தும் விதம், தேர்வும் திருத்தமும், ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைத்த வழிகாட்டல், நிர்வாகம், நூலகம் மாதிரியான வசதிகள், கற்ற திறன்கள் என்று பிரித்துப் பிரித்துக் கேட்கும் நல்ல சர்வே. ஆனால் எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு வாங்கியது என்ற பட்டியலை அவர்கள் பொதுவில் வெளியிடுவதில்லை. பல்கலைக்கழகம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு, பெற்றோர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் முதுநிலை மாணவர்களின் பதிலையும் பல்கலைக்கழகவாரியாக இணையத்தில் போடுகிறார்கள். பிரிட்டனில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

அந்த எண் கைக்குக் கிடைத்தாலும் அதை முழுசாக நம்ப முடியாது. ஓராண்டுப் படிப்பு செப்டம்பரில் தொடங்குகிறது. சர்வே பிப்ரவரியில் தொடங்கி கோடைக்குள் முடிந்துவிடும். அப்போது ஆய்வுக் கட்டுரை பாதியில் நிற்கும், வேலை கிடைத்திருக்காது, கடன் தவணையும் தொடங்கியிருக்காது. பந்தியில் பாயசம் வரும் முன்னாலேயே விருந்து எப்படி என்று கேட்பதைப் போல. பதில் சொல்பவர்கள் யார் என்பதும் முக்கியம். பகுதிநேர வேலைக்கு ஓடுகிறவனுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?

இந்தியாவில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரத்துக்கு மாணவர் திருப்தி ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி என்றால் மாணவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அவ்வளவு பேர் பதில் தந்தால் போதும் என்றுதான் விதி வைத்திருந்தார்கள். ஒன்றிய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசையில் நற்பெயருக்கு என்று 10 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதிலும் கேட்பது பேராசிரியர்களையும் வேலை கொடுப்பவர்களையும்தான். படிக்கிற பிள்ளையைக் கேட்பதில்லை.

இனி பணம். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. 35 லட்சத்துக்கு 10.5 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 47,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி அசலில் ஏறினால் இன்னும் கூடும். கடன் மகள் பெயரில்தான் என்கிறீர்கள். ஆனால் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, கூட்டாகக் கையெழுத்துப் போடுவது அப்பா. தவணை முழு வேகத்தில் ஓடும்போது அவர் ஓய்வு பெற்றிருப்பார். விசாவோடு கட்ட வேண்டிய மருத்துவக் கட்டணமே ஆண்டுக்கு 776 பவுண்டு. படிப்பு முடிந்து அங்கேயே தங்கி வேலை தேடத் தரும் இரண்டு ஆண்டு விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. பெரியப்பா மகன் போன காலம் வேறு. தம்பி பெண் மேல் உள்ள பாசத்தில்தான் அவர் சொல்கிறார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தவணைக்கு அவர் ஜாமீன் போடுவாரா என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எம்.பி.ஏ., வங்கித் தேர்வு, டேட்டா சயின்ஸ் கோச்சிங் பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் குடியிருப்பிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். உங்கள் மகள் அனுப்பிய புராஜெக்ட்டுக்கு வருகிறேன்.

நீங்கள் அதைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. தன் கல்லூரியின் எம்.ஏ., எம்.காம்., எம்.எஸ்சி. மாணவர்கள் தங்கள் படிப்பில் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்று அளந்திருக்கிறாள். முதல் வரைவில் 'ஆசிரியர்களும் நூலகமும் நன்றாக இருக்கின்றனவா' என்று ஒரே கேள்வியாக இருந்திருக்கிறது. ஆசிரியர் பிடித்து நூலகம் பிடிக்காதவர் எதை டிக் செய்வார் என்று தானே ஓரத்தில் எழுதி, இரண்டாக உடைத்திருக்கிறாள். 'திருத்தம் திருப்தியா' என்பதை அடித்துவிட்டு, 'கடைசியாக எழுதிய தாள் எத்தனை நாளில் கைக்கு வந்தது' என்று மாற்றியிருக்கிறாள். கூகுள் ஃபார்மில் பதில் போட்டவர்கள் பெரும்பாலும் வகுப்புத் தலைவர்களும் அவர்கள் நண்பர்களும்தான் என்று கண்டுபிடித்ததும், வேலைக்குப் போய்விட்டு மாலை வகுப்புக்கு வருகிறவர்களை வாசலில் நின்று பிடித்திருக்கிறாள். அவர்களுடைய பதிலைச் சேர்த்ததும் முடிவே மாறிவிட்டது. பெரியப்பாவின் பிரசுரத்தில் என்ன கோளாறு என்று உங்கள் வீட்டிலேயே ஒருத்திக்குத் தெரியும், அம்மா. அவளை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வேலையைத் தொழிலாகச் சொல்லித்தரும் இடம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு ரயில் மாற்றத்தில் இருக்கிறது. குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் பிடித்தால் கோவண்டி. ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், தேவ்னாரில், ஐ.ஐ.பி.எஸ். அந்தப் பக்கம் டிஸ், அதாவது டாடா சமூக அறிவியல் நிறுவனம், என்றால் ஆட்டோக்காரருக்கே தெரியும், பக்கத்தில் இருக்கும் இதைக் கேட்டால் முழிப்பார். மக்கள்தொகை அறிவியலுக்கான நிறுவனம், 1956-இல் தொடங்கியது, ஒன்றிய அரசின் சுகாதாரத் துறையின் கீழ் வருவது, 1985 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். செய்தித்தாளில் ரத்தசோகை, குழந்தை எடை, சிசு மரணம் என்று மாநிலவாரியாக வரும் தேசிய குடும்பநல ஆய்வை முதல் சுற்றான 1992-93-இலிருந்து ஒருங்கிணைத்தது இந்த இடம்தான். ஐந்தாவது சுற்று, 2019-21-இல், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 45 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் 'லாசி' ஆய்வும் இங்கிருந்துதான் நடக்கிறது.

எண்ணிக்கையைவிட அவர்கள் வேலை செய்யும் முறைதான் உங்கள் மகளுக்குப் பிடிக்கும். ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததும் எல்லா வீடுகளையும் பட்டியல் போடுவார்கள். பெரிய ஊர் என்றால் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். அதிலிருந்து 22 வீடு. பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைக் கேட்டுவிட்டு வரக் கூடாது, திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஏனென்றால் பகலில் வீட்டில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் வேலைக்குப் போகும் பெண்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். மாலை வகுப்பு மாணவர்களை அவள் வாசலில் நின்று பிடித்ததும் இதே காரணத்துக்காகத்தான். நான்காவது சுற்றிலிருந்து காகிதத்துக்குப் பதில் கையடக்கக் கணினியில் பதிவு செய்கிறார்கள். கேள்விகளைச் சிறிய அளவில் சோதித்துப் பார்த்த பிறகுதான் களத்துக்கு அனுப்புவார்கள்.

அங்கே சர்வே ரிசர்ச் அண்ட் டேட்டா அனலிட்டிக்ஸ் என்று ஓர் எம்.எஸ்சி. இருக்கிறது, பயோஸ்டாடிஸ்டிக்ஸ் அண்ட் டெமோகிராஃபி என்று இன்னொன்று. நுழைவுத் தேர்வு உண்டு. இடங்கள் குறைவு என்பதால் போட்டியும் உண்டு. எந்தப் பாடம் படித்தவர், எத்தனை சதவீதம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபாருங்கள். கட்டணம் அரசு நிறுவனத்துக் கட்டணம்தான். வீட்டிலிருந்து போய் வரலாம், ஃபிளாட்டைத் தொட வேண்டியதில்லை.

வேலை? ஆரம்பச் சம்பளம் ஐ.டி. கம்பெனி ஆஃபர் மாதிரி உறவினரிடம் காட்டிப் பெருமைப்படும்படி இருக்காது. சுகாதார ஆய்வு நிறுவனங்களில் முதல் சில வருடம் புராஜெக்ட் முடியும்வரைதான் வேலை என்ற ஒப்பந்தங்களும் வரும். இதையும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். மறுபக்கம், யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை அவள் பட்டம் வாங்கி 21 வயது ஆனதுமே எழுதலாம். ஒன்றிய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. வழியாக ஜூனியர் ஸ்டாடிஸ்டிகல் ஆபீசர் பணி இருக்கிறது. கான்டார், இப்சோஸ் போன்ற சந்தை ஆய்வு நிறுவனங்களுக்கு மும்பையில் அலுவலகம் இருக்கிறது. கல்லூரிகளின் தர உறுதிப் பிரிவுகளுக்கும் ஒழுங்காகக் கேள்வித்தாள் தயாரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், பெரும்பாலான இடங்களில் அப்படி ஒருவர் இல்லை. வெளிநாடு போக ஆசை வந்தால் இரண்டு வருடம் கழித்து பி.எச்டி.க்கு, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பணத்தில் போகட்டும்.

அவள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புராஜெக்ட்டை அனுப்பச் சொன்னதே பதில். அவளே வாய் திறந்து, எனக்கு இங்கிலாந்துதான் வேண்டும் என்று சொன்னால் அப்போது வேறு கணக்குப் போடலாம். அப்போதும் அடமானம் இல்லாமல் கிடைக்கும் 7.5 லட்சத்துக்கும் உங்கள் சேமிப்புக்கும் உள்ளே அடங்கினால் மட்டுமே.

பெரியப்பாவிடம் சண்டை வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் போட அவரையே கேளுங்கள். போன வருடம் இதே எம்.எஸ்சி.யில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு பேராசிரியருக்கு எத்தனை மாணவர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, பி.டி.இ.எஸ்.-இல் இந்தத் துறைக்கு என்ன பதில் வந்தது, எத்தனை சதவீதம் பேர் பதில் தந்தார்கள். கேள்விகளை உங்கள் மகளே எழுதித் தரட்டும், என்னைவிட நன்றாக எழுதுவாள்.

தேவ்னாரில் இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் கலினாவில் மும்பை பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. புள்ளியியலுக்கும் சேர்த்தே விண்ணப்பித்து வையுங்கள். இரண்டின் அறிவிப்பையும் வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கடைசித் தேதியைத் தவறவிட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்கள்தான் நிறைய.